அவிட்டத்துக்கு அவிட்டம் படியேறியவர்

மாடி வீட்டைக் கேட்டு வந்த அந்த அம்மாளிடம், "படுக்கையில் கிடக்கிற ஆள் இருந்தால் தருவதில்லை" என்று நீங்கள் சொல்லி அனுப்பியதை, கடையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். தம்பி, நீ சொன்னாய். பாப்பா, நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். அந்த அம்மாள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் இருந்த குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் தெருமுனை வரைக்கும் நடந்து போனாளாம். இதை உங்கள் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்திருந்தால் கை நீண்டிருக்கும். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளை அடிக்கிற தகப்பனாக எனக்கு ஆசை இல்லை. ஆகவே எழுதுகிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எட்டு, மலையிலிருந்து கீழே வந்து இரண்டு, ஆக பத்தாம் வகுப்புதான் என் படிப்பு. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கைக்குப் பேனா அவ்வளவாக வசப்படாது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி என்று நீங்கள் செல்போனில் எவனோ பேசுவதைக் கேட்டுப் பத்து விதி எழுதி வைத்திருக்கிறீர்கள். நானும் பார்த்தேன். அதில் பாதி நல்ல விதிதான். பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுது, குடிவருமுன் சுவரையும் தரையையும் போட்டோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள், கரண்டுக்குத் தனி மீட்டர் வை, வருகிற வாடகையில் கொஞ்சத்தை ரிப்பேருக்கென்று ஒதுக்கு. எல்லாம் சரி. ஆனால் இதையெல்லாம் செல்போன் வருவதற்கு முன்பே கரைத்துக் குடித்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் நாம் குடியிருந்த மேல் வீட்டின் கீழ் வீட்டுத் தாத்தா. உங்களுக்குக் கடலை மிட்டாய் தருவாரே, அவர்தான். போன பொங்கலுக்குக்கூட, "அந்தத் தாத்தா எவ்வளவு நல்லவர், இல்லப்பா?" என்று பாப்பா கேட்டாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூடிரைவரும் நாலைந்து ரப்பர் வாஷரும் இருக்கும். குழாய் சொட்டுகிறது என்று காலையில் சொன்னால் காப்பி குடிப்பதற்குள் சரியாகிவிடும். ஆள் விட்டுச் செய்வதில்லை, தானே வந்து செய்வார். "சொட்டுற குழாயை நாளைக்குப் பாப்போம்னு விட்டா, குடியிருக்கவன் வாடகையையும் நாளைக்குப் பாப்போம்பான்" என்பார்.

அந்தத் தெருவில் அவருக்கு நான்கு வீடு. நான்கிலும் தண்ணீர்த் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவுவார். கரண்டுக்கு மின்வாரியம் போடுகிற அதே ரேட்தான், ஒரு பைசா கூட வைத்து வாங்கியது கிடையாது. வாடகைக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது உண்டு. குடிவைத்த பிறகு நம்மைக் கேட்காமல் படியேற மாட்டார். கீழே நின்று, "யம்மா, வரலாமா?" என்று குரல் கொடுத்து, உங்கள் அம்மா வாங்க என்று சொன்ன பிறகுதான் முதல் படியில் கால் வைப்பார். மற்ற தெருக்களில் வீடு வைத்திருக்கிறவர்கள் சாயங்காலம் வந்து அவரிடம் யோசனை கேட்டுப் போவார்கள். எல்லாருக்கும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்.

"வீடு பேசாது வே. அதுக்காக நாமதான் பேசணும்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீடு கேட்டுப் போன அன்று என்னிடம் அவர் கேட்டது நான்கே கேள்வி. என்ன தொழில், எத்தனை பேர், முன்னால் இருந்த வீட்டை ஏன் விட்டீர்கள். நான்காவது கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்.

"அப்பா கூட இருக்காருன்னு சொன்னீய. அவருக்குச் சொந்த ஊர்ல வீடு இருக்கா தம்பி?"

உங்கள் தாத்தா மாஞ்சோலையில் தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். முப்பத்தெட்டு வருஷம் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததும் அந்த வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு மலைப் பஸ்ஸில் இறங்கி என்னிடம் வந்தார். அவருக்கு எந்த ஊரிலும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் ஒரு மனிதனுக்குச் சொந்த ஊரில் ஓட்டை வீடாவது இருக்க வேண்டாமா என்று நினைப்பாரே என்று தோன்றியது. "இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் திருப்தியாகத் தலையசைத்துச் சாவியைக் கொடுத்தார். அந்தக் கேள்வி எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஏதோ பெரியவர் மேல் அக்கறையாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறேழு மாதம் நன்றாகப் போயிற்று. ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த உங்கள் தாத்தா அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் போயிற்று, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பின்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டோம். தம்பிக்கு அப்போது ஒன்றாம் வகுப்பு. பாப்பா, நீ அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் விளையாடுவாய்.

அண்ணாச்சி செய்த உபகாரத்தை மறைக்கக் கூடாது. கட்டிலைத் தூக்கி வைக்க அவரும் ஒரு கை பிடித்தார். கக்கூசில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியை, நாங்கள் கேட்காமலே, தன் செலவில் சுவரில் பதித்துக் கொடுத்தார். கீழே நின்று, "யம்மா, வரலாமா?" என்று கேட்டுவிட்டு இளநீரோடு வருவார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியவரே, எப்படி இருக்கீய? மூச்சு சீராப் போகுதா? ராத்திரி தூங்குனீயளா?" என்று விசாரிப்பார். உங்கள் தாத்தாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "எஸ்டேட்டுல தொரை கூட இப்படி வந்து கேட்டதில்லலே" என்று என்னிடம் குழறிக் குழறிச் சொன்னார்.

உங்கள் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் பீடி சுற்றுகிறவள். கை வேலையில் இருந்தாலும் கண் நாலாபுறமும் இருக்கும்.

"இந்தாங்க, அண்ணாச்சி தினமும் வரல, கவனிச்சியளா?" என்றாள். "அஞ்சு நாளு தொடர்ந்து வாராரு. பொறவு இருவது நாளைக்கு மேல எட்டிப் பாக்கதில்ல. திரும்ப அஞ்சு நாளு வாராரு."

"அவருக்கு வேலை இருக்காதா?" என்றேன்.

"அந்த அஞ்சு நாளு எதுன்னு கீழ போயி பாத்துட்டு வாங்க."

கீழே படிக்கட்டு தொடங்கும் இடத்தில் அவர் ஒரு பெரிய மாதக் காலண்டர் தொங்கவிட்டிருந்தார். நான் தினமும் தாண்டிப் போகிற காலண்டர். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மாதத்திலும் ஐந்து நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி.

உங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. இந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அதற்கு அடைப்பு என்று பெயர். அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும் என்பது இங்கே பலருடைய நம்பிக்கை. இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை இந்த ஐந்து நாளும் திரும்பத் திரும்ப வரும். எதிர்த்த வரிசையில் அப்படி அடைத்துப் போட்ட வீடு ஒன்று இருந்தது. ஆறு மாதம் முடிந்த பிறகும் இரண்டு வருஷம் அதற்கு ஆள் வரவில்லை. அண்ணாச்சி அந்த வீட்டைக் கைகாட்டி, யோசனை கேட்டு வருகிறவர்களிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். "வீட்டுக்கும் பேருன்னு ஒண்ணு இருக்கு வே. பேரு கெட்டுப்போச்சுன்னா சுவருல எவ்வளவு பெயிண்டு அடிச்சாலும் மறையாது."

ஆக, மூச்சு சீராகப் போகிறதா என்று அவர் கேட்டது உங்கள் தாத்தாவின் மூச்சுக்காக இல்லை. சிவப்பு வட்டம் போட்ட நாளில் அந்த மூச்சு நிற்குமா நிற்காதா என்று பார்க்க வந்திருக்கிறார். இளநீரோடு வந்திருக்கிறார். நாங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறோம்.

அடுத்த அவிட்டத்தன்று அவர் என்னைத் தனியாகக் கீழே கூப்பிட்டார். வெட்கப்படவோ தயங்கவோ இல்லை. குழாயில் வாஷர் மாற்ற வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"தம்பி, தப்பா நினைக்கப்பிடாது. பெரியவர் நூறு வயசு இருக்கட்டும். ஆனா ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். இந்த அஞ்சு நாளைக்கு மட்டும் அவர சொந்த ஊரு வீட்டுல கொண்டு வச்சிருங்க. ரேவதி கழிஞ்சு அசுவதி பொறந்ததும் கூட்டியாந்துருங்க."

எனக்கு எந்த ஊர்? எந்த வீடு? வீடு இருக்கிறது என்று பொய் சொன்னவன் நான்தானே. "சரி அண்ணாச்சி" என்றேன். சண்டை போடுவேன் என்றுதானே நினைத்தீர்கள். போடவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளையும் படுக்கையில் கிடக்கிற தகப்பனையும் வைத்துக்கொண்டு எவனிடம் போய் வீடு கேட்பேன் என்கிற பயம். அந்தப் பயத்தைத்தான் முந்தாநாள் அந்த அம்மாளின் முகத்தில் நீங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தும் அனுப்பியிருக்கிறீர்கள்.

முதல் தடவை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாற்காலியில் உட்காரவைத்து நானும் ஆட்டோக்காரரும் தூக்கிப் படியிறக்கினோம். "எங்கலே போறோம்?" என்று கேட்டார். "ஒரு செக்கப்பு அப்பா" என்றேன். இல்லாத நெஞ்சுவலியைச் சொல்லி ஐந்து நாள் படுக்கை வாங்கினேன். ஆறாம் நாள் அசுவதி. அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் தானே வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்து எங்களைக் கூட்டிப் போனார். படியில் தூக்கும்போது, "பைய, பைய" என்று முன்னால் நின்று வழி சொன்னார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அந்தப் பொய் செல்லவில்லை. வீட்டிலேயே வையுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். பத்தமடையில் உங்கள் அம்மாவின் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். புதுக் கோரைப்பாய் விரித்து நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சித்தி என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டு, "மருமகனே, நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க. இங்கன வச்சு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா..." என்று இழுத்தாள். அவளை நான் குற்றம் சொல்லவில்லை. ஒருவர் தொடங்கி வைத்தால் போதும், பயம் வீடு வீடாகக் கூடவே வரும்.

அதற்குள் உங்கள் தாத்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பாய்லரின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்ன மனிதர். பத்தமடையிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, கோணிய வாயால் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"ஏலே, பொம்பளையாளுவளுக்கு மாசம் மூணு நாளு. எனக்கு அஞ்சு நாளாலே?"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு ஊர் வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது மாதம் அவர் ரொம்ப மெலிந்துவிட்டார். கஞ்சிகூட ஓரமாக வழிந்தது. அவிட்டம் பிறந்த அன்று காலையில் கீழே இருந்து அந்தக் குரல் வந்தது.

"யம்மா, வரலாமா?"

"வரண்டாம் அண்ணாச்சி" என்றாள் உங்கள் அம்மா. பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, படி ஏறும் இடத்தில் வந்து குறுக்கே நின்றாள்.

அவர் கீழிருந்தே அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா இப்படிச் சொல்லிட்ட?"

"நீங்க எதுக்கு வாரீயன்னு எனக்குத் தெரியும். உங்க காலண்டர நானும் பாத்தேன்."

"நான் பெரியவருக்கு விரோதியா தாயி? அஞ்சே நாளு. அசுவதி பொறந்த உடனே நானே போயி கூட்டியாரேன்."

"படியிறக்குனா அவரு உடம்பு தாங்காது."

"தாங்காதுன்னுதானம்மா நானும் சொல்லுதேன்."

"உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படி இறக்குவியளா?"

அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்டுக்காரியவே இறக்கிருக்கேன் தாயி" என்றார். "போகமாட்டேன்னு கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டா. கையப் பிரிச்சுத்தான் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியிலதான் முடிஞ்சுது. உத்திரட்டாதி. எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்னு நான் வைக்கதில்ல."

அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. ரசீதில் கையெழுத்துப் போடுவதுபோலச் சொன்னார். கட்டின மனைவியின் விரலை நிலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்த மனிதரிடம் வேறு என்ன சொல்லி மன்றாட முடியும்? அந்த மனிதருக்கு வீடுதான் உயிருள்ளது. உள்ளே இருக்கிறவர்கள் சாமான்.

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, சொந்த ஊர்ல வீடு இருக்குன்னு நீங்க சொன்ன பொறவுதான நான் சாவியக் கொடுத்தேன்?"

உங்கள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பொய்யை நான் அவளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், உங்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை வேண்டுமானால். அன்றைக்கு உங்கள் அம்மாவை விலகச் சொன்னது நான். அவள் விலகவில்லை. தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினேன். நாற்காலியைக் கொண்டு வந்ததும் நான். அண்ணாச்சி யார் மேலும் கை வைக்கவில்லை. என்னை வைத்தே முடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி வராந்தாவில் ஒரு இடம் வாங்கினேன். அவிட்டம் போயிற்று, சதயம் போயிற்று. மறுநாள் காலையில் உங்கள் தாத்தா நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னும் எத்தனை நாள்லே?"

"மூணு நாள்ப்பா."

"மூணா" என்றார். பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தார். மூன்றை எண்ணி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அன்றைக்கு ஒரு விவசாயியின் மோட்டார் என் கடையில் பழுதாகிக் கிடந்தது. வயலில் தண்ணீர் இல்லை என்று அவர் நெருக்கினார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று போனேன். காயிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உங்கள் அம்மாவின் மடியில்தான் தலை இருந்ததாம். மத்தியானம் இரண்டு மணி.

அண்ணாச்சி எனக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கையில் கோடி வேட்டி, மாலை. கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூரட்டாதி" என்றார். "நல்லவேளை தம்பி."

நல்லவேளை. எத்தனை வருஷம் ஆனாலும் என் காதிலிருந்து இறங்காத சொல் அது.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. அதற்கு அவசியம் வைக்கவில்லை. வண்டியை நேராக ஆற்றங்கரைக்கு ஏற்பாடு செய்திருந்தார். வெட்டியானுக்குச் சொல்லியிருந்தார், விறகுக்குச் சொல்லியிருந்தார். எல்லாம் குழாய் ரிப்பேர் மாதிரி உடனுக்குடன் நடந்தது. உங்கள் தாத்தாவைத் தாமிரபரணித் தண்ணீரில் குளிப்பாட்டி அங்கேயே அனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்க்க ஒரு வாசல் இல்லை, நாலு பேர் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. நாங்கள் ஈரத் துணியோடு திரும்பியபோது படி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். அந்த வருஷம் வாடகையை ஏற்றவில்லை. எனக்கு அதற்கு நன்றியாக இருந்தது. நன்றியாக இருந்தது என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

ஏன் உடனே காலி செய்யவில்லை என்று கேட்பீர்கள். செய்யவில்லை. தண்ணீர் நன்றாக வந்தது. பள்ளிக்கூடம் பக்கம். குழாய் சொட்டவில்லை. நான்கு வருஷம் அங்கேயே இருந்தோம். வீடு நன்றாக இருந்தால் மனிதன் எதையும் பொறுத்துக்கொள்வான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். என் விஷயத்தில் அந்தக் கணக்குத் தப்பவில்லை.

இப்போது நம் மாடி வீட்டுக்கு வருகிறேன். அண்ணாச்சியிடம் நான் பார்த்ததை எல்லாம் செய்யுங்கள். குழாய் சொட்டினால் அன்றைக்கே பாருங்கள். தொட்டியைக் கழுவுங்கள். ரசீது கொடுங்கள். கேட்காமல் படியேறாதீர்கள். குடியிருக்கிறவர்கள் போகும்போது முன்பணத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். வாடகை ஒழுங்காகக் கொடுக்க வருமானம் இருக்கிறதா என்று கேளுங்கள், அது தப்பில்லை. ஆனால் யாருக்கு எந்த ஊரில் வீடு இருக்கிறது, யாருக்கு என்ன வயசு, யாருக்கு மூச்சு எப்படிப் போகிறது என்று கேட்காதீர்கள். கேட்டால் வெட்கத்தில் பொய் சொல்வார்கள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு பிறகு நீங்கள் அவர்களை ஆட்டலாம். அதற்கு நான் வீடு கட்டவில்லை. ஒப்பந்தத் தாளில் என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், டைப் அடிக்கும்போது விட்டுவிடாதீர்கள்: இந்த வீட்டில் பிறப்பு இறப்பு எது நடந்தாலும் குடியிருப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடைப்பு வந்தால் என்ன செய்வது என்று தம்பி கேட்பாய். ஆறு மாதம் வாடகை வராது, அவ்வளவுதானே. அதற்கு ஒதுக்கி வையுங்கள். மோட்டார் ரிப்பேருக்கு ஒதுக்கவில்லையா?

அந்த அம்மாளின் போன் நம்பரை உங்கள் அம்மா வாங்கி வைத்திருந்தாள். இன்று காலையில் மேலப்பாளையம் வரை போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கள்கிழமை மாமியாரைக் கூட்டி வருகிறாள். படியில் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் இருப்பீர்கள்.

இன்னும் ஒன்று மட்டும் எழுதி முடிக்கிறேன், இது உங்கள் அம்மாவைப் பற்றியது. அண்ணாச்சி வீட்டை நாம் காலி செய்த அன்று நீங்கள் இரண்டு பேரும் சாமான் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் உங்கள் அம்மாவும் மேலே நின்றோம். அண்ணாச்சி ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிப் பார்த்தார். முன்பணத்தை முழுதாக எண்ணி என் கையில் வைத்தார்.

"உங்கள மாதிரி குடியிருந்தவங்க யாருமில்ல தம்பி. வீட்டுக்கு ஒரு கறை கிடையாது" என்றார். உண்மையான சந்தோஷத்தில்தான் சொன்னார்.

"நல்லா இருங்க அண்ணாச்சி" என்றேன். நான்கு வருஷமாக அவரிடம் சொல்ல நான் சேர்த்து வைத்திருந்தது அதுவல்ல. ஆனால் வாயில் அதுதான் வந்தது.

அவர் மடியிலிருந்து புதுப் பூட்டை எடுத்துக் கதவை இழுத்தார். அப்போது உங்கள் அம்மா, "அண்ணாச்சி" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"அன்னைக்கு எங்க மாமாவ நாற்காலியில வச்சு இறக்கும்போது, 'கதவப் பூட்டிராத தாயி, வந்துருதேன்'னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு. நான் பூட்டல. நீங்க இங்கன அவரைச் சாக விடல. அதனால அவரு இங்கன சாகல. உங்க கணக்குப்படி அவரு இன்னும் குடியிருக்காரு. காலி பண்ணிப் போறது நாங்கதான், அவரு இல்ல. பூட்டுறதுன்னா பாத்துப் பூட்டுங்க."

அண்ணாச்சி பின்னறைப் பக்கம் திரும்பினார். அங்கே ஒன்றும் இல்லை, ஜன்னல் வழியாக வெயில் விழுந்த வெறும் தரை. எந்த வீட்டுக்காரருக்கும் எந்தச் சிக்கலுக்கும் கைவசம் பதில் வைத்திருந்த மனிதர். இழுத்த கதவை விட்டுவிட்டு, பூட்டைக் கையில் வைத்தபடியே நின்றார்.

நாங்கள் இறங்கி வண்டியில் ஏறினோம். தெரு திரும்பும்போது பார்த்தேன். மேல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவர் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேல் படியில், வாசலுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்.